ஆயிரம் பிரதிகள் தீர்ந்த வாரத்தில் என் கையில் 61 பிழைகள்

"மேடம், முதல் அச்சு முடிஞ்சுபோச்சு. கிடங்குல ஆறு பிரதிதான் இருக்கு. பத்து நாள்ல மறு அச்சுக்குப் போகலாம். அதே ஃபைலையே அனுப்பிடட்டுமா, இல்ல ஏதாவது திருத்தம் இருக்கா?"

2024 ஜனவரியில் பதிப்பாளர் போனில் கேட்டது இது. நிரல் எழுதவே தெரியாதவர்களுக்காக பைதான் என்ற நிரல்மொழியைப் பற்றி நான் எழுதிய புத்தகம், 352 பக்கம், ஆயிரம் பிரதிகள். வெளிவந்து பதினொரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து எழுதியது. மகிழ்ச்சியில் எனக்குச் சில நொடிகள் பேச்சே வரவில்லை. அப்புறம்தான் அவர் கேட்ட கேள்வியின் இரண்டாவது பாதி மனதில் ஏறியது. திருத்தம் இருக்கிறதா? இருக்கிறது. அதுவரை வாசகர்கள் சொல்லி நான் குறித்துவைத்திருந்தவை 61.

முதல் அச்சு விற்றுத் தீர்ந்ததை எல்லோரும் வெற்றிச் செய்தியாகத்தான் சொல்வார்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் நிரலாக்கப் புத்தகம் எழுதியவருக்கு அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நான் செய்த தவறு ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திருத்த முதல் வாய்ப்பு இப்போதுதான் கிடைக்கிறது. இந்த வாய்ப்புக்கு நான் தயாராக இல்லை. அந்தப் பத்து நாளில் கற்றுக்கொண்டதை, இதே நிலைக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

61 பிழைகளும் ஒரே தரத்தவை இல்லை. பெரும்பாலானவை எழுத்துப்பிழை, தவறான பக்க எண், படத்தின் கீழே மாறிப்போன குறிப்பு. பதினான்கு இடங்களில் விளக்கம் தவறு, அல்லது வாசகரைத் தவறாக எண்ண வைப்பது. ஒன்பது நிரல்கள் ஓடவே ஓடாது. எண்ணிக்கையில் ஒன்பது சிறியதுதான். ஆனால் முதல்முறை நிரல் எழுதுகிறவர் அந்த ஒன்பதில் ஒன்றில் மாட்டிக்கொண்டால் அவருக்குப் புத்தகம் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கடிதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்களை முழுமையாக்குவது (பக்கத்தில் இருக்கும் முழு எண்ணாக மாற்றுவது) பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். 2.5 ஐ முழுமையாக்கினால் 3 வரும் என்று போட்டு, திரையில் தெரிவது போலவே வெளியீட்டையும் கொடுத்திருந்தேன். பைதான் 2 என்ற பழைய பதிப்பில் 3.0 என்று வரும். பைதான் 3 இல் 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளினால் நிறைய எண்களைக் கூட்டும்போது விடை மேல்நோக்கிச் சாயும். அதனால் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகிறார்கள்: 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. எனக்கு இது தெரியும். தெரிந்தும், அந்த வரியைப் பழைய நினைவிலிருந்து கையால் தட்டச்சு செய்திருக்கிறேன், ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாசகர் எழுதியது இது: "எனக்கு 2 என்றுதான் வருகிறது. மூன்று முறை பைதானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். என் கணினியில் ஏதாவது கோளாறா?"

அவர் கண்ணெதிரே திரை சரியான விடையைக் காட்டுகிறது. ஆனாலும் அவர் நம்பியது அச்சில் இருந்ததை. அச்சுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இணையத்தில் ஒரு கட்டுரை தவறாக இருந்தால் மக்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். புத்தகம் தவறாக இருந்தால் தங்களையே சந்தேகிக்கிறார்கள். இதற்குப் பிறகு எந்தப் பிழையையும் "சின்னது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது சம்பவம் இன்னும் பெரியது. ஓர் ஆசிரியை என் புத்தகத்தைத் தன் வகுப்புக்குப் பாடநூலாக வைத்து, நாற்பது பிரதிகள் வாங்கியிருந்தார். ஒருநாள் அவரிடமிருந்து வந்த செய்தி: "பக்கம் 143. மொத்த வகுப்பும் நின்றுவிட்டது."

143 ஆம் பக்கத்தில், ஒரு கோப்பு நேரடியாக ஓட்டப்படுகிறதா, வேறொரு நிரலால் அழைக்கப்படுகிறதா என்று சோதிக்கும் அந்தப் புகழ்பெற்ற வரி இருக்கிறது. 'நேம்' என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு. 'மெயின்' என்ற சொல்லுக்கும் அப்படியே. நாங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் இரண்டு அடிக்கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரிந்தன. மாணவர்கள் ஒன்றே ஒன்று போட்டார்கள். 'நேம்' பக்கத்தில் தவறு செய்தவர்களுக்கு அப்படியொரு பெயரே இல்லை என்று பைதான் சொன்னது. பைதானின் புதிய பதிப்பு வைத்திருந்தவர்களுக்குச் சரியான பெயரையும் பரிந்துரைத்தது. 'நேம்' பக்கத்தைத் திருத்தியதும் அவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்காதீர்கள். 'மெயின்' என்பது மேற்கோள்குறிக்குள் இருக்கும் வெறும் எழுத்துச்சரம்; அதில் ஓர் அடிக்கோடு குறைந்தால் பைதானுக்குக் குறை எதுவும் தெரியாது. ஒப்பீடு பொய் என்றாகிவிடும், நிரல் எதுவும் செய்யாமல் அமைதியாக முடிந்துவிடும். பிழைச்செய்திகூட இல்லை. ஒரு பாடவேளை முழுவதும் நாற்பது பேர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் புத்தகத்தை இரண்டு அனுபவசாலிகள் தொழில்நுட்ப மெய்ப்பு பார்த்துக் கொடுத்திருந்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் அனுபவசாலியின் கண் அந்த வரியைப் படிக்காது, அடையாளம் கண்டுகொள்ளும். ஒரே கோடாகத் தெரிந்தாலும் அவர் மனதுக்குள் இரண்டாகவே பார்ப்பார். நானும் அப்படித்தான். என் புத்தகத்தைக் காகிதத்தில் பார்த்து, அதிலிருந்து ஒரு வரியைக்கூட நான் தட்டச்சு செய்து பார்த்ததில்லை என்பதை அந்தச் செய்தி வந்த பிறகே உணர்ந்தேன். கணினியில் ஓடும் நிரல் என்னிடம் இருந்தது. வாசகரிடம் இருந்தது காகிதம். இரண்டுக்கும் நடுவில் சொற்செயலி, வடிவமைப்பு மென்பொருள், எழுத்துரு, பிடிஎஃப் என்று நான்கைந்து கைகள் மாறியிருக்கின்றன.

அந்தக் கைமாற்றத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். சொற்செயலி நேரான மேற்கோள்குறிகளை வளைந்தவையாக மாற்றியிருந்தது. அச்சில் படிப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை, அவர் விசைப்பலகையில் இருப்பதைத்தான் அடிப்பார். மின்னூலிலிருந்து பிரதி எடுத்து ஒட்டுபவருக்கு வளைந்த குறி செல்லாத எழுத்து, நிரல் ஓடாது. கட்டளை வரியில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகளை அதே மென்பொருள் ஒரு நீளக்கோடாக ஆக்கியிருந்தது. இங்கே அச்சு வாசகர்தான் பாதிக்கப்பட்டார்: நீளக்கோட்டை ஒற்றைச் சிறுகோடு என்று எடுத்துக்கொண்டு அடித்தார். ஓர் இடத்தில், அச்சுப்பக்கத்தின் அகலத்துக்கு மிஞ்சிய வரி ஒன்றை வடிவமைப்பாளர் இரண்டாக மடித்துவிட்டார். அவர்மேல் தவறில்லை. நான்தான் 79 எழுத்து வரை வரி போகலாம் என்ற பைதான் வழக்கப்படி எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் 66 எழுத்துதான் பிடிக்கும். எழுதத் தொடங்கும் முன்பே வடிவமைப்பாளரிடம் ஒரு மாதிரிப் பக்கம் வாங்கி, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணியிருந்தால் போதும்.

சரி, இவையெல்லாம் வாசகர்கள் சொன்ன பிழைகள். யாரும் சொல்லாத பிழைகள் எத்தனை இருக்கும்? எழுதித் தெரிவிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றிய நினைப்புதான் என்னை வாட்டியது.

அதனால் பத்து நாளில் மூன்று நாளை ஒரே வேலைக்கு ஒதுக்கினேன். அக்கா மகளுக்கு அப்போது பதினேழு வயது, நிரல் எழுதியதே இல்லை. அவளை ஒரு கணினி முன்னால் உட்கார வைத்து, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தேன். "இதுல இருக்கறத அப்படியே அடி. எதுவும் புரியலைன்னா என்கிட்ட கேட்காத, சத்தமா சொல்லிட்டு உனக்குத் தோணறதச் செய்" என்றேன். நான் பின்னால் ஒரு நோட்டுடன் உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட விதி. கடைப்பிடிக்க மிகவும் கடினமாக இருந்தது.

முதல் நிரலிலேயே அவள் வரி எண்ணையும் சேர்த்து அடித்தாள். விளக்கத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்திலும் எண் போட்டிருந்தேன். அது நிரலின் பகுதி இல்லை என்று நான் எங்குமே எழுதவில்லை. அடுத்த நாள் ஓரிடத்தில் நின்று, "சித்தி, இங்க எத்தனை ஸ்பேஸ் விடணும்னு தெரியலையே" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒரு நிரல் வலப்பக்கத்தின் அடியில் பாதியில் நின்று, தாளைத் திருப்பினால் தொடர்கிறது. பைதானில் உள்தள்ளல்தான், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான், இலக்கணம். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தாளைத் திருப்பியபின், முந்தைய வரி எங்கே தொடங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு வழி இல்லை. பக்க உச்சியில் ஒரு வரி எட்டு இடம் தள்ளி நிற்கிறதா, நான்கா என்று கண்ணால் சொல்ல முடியாது. இதை என்னிடம் ஆயிரம் வாசகர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள், ஒரு மாறியின் (மதிப்பைப் போட்டுவைக்கும் இடத்தின்) பெயராக நான் வைத்திருந்த ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தை அவள் எண் ஒன்று என்று அடித்தாள். ஒற்றை எழுத்தாக அந்த எழுத்தைப் பெயரில் பயன்படுத்த வேண்டாம் என்று பைதானின் எழுத்துநடை வழிகாட்டியே சொல்கிறது. படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

மூன்று நாளில் புதிதாக 23 குறிப்புகள் கிடைத்தன. இரண்டு வருடம் எழுதி, இரண்டு பேர் மெய்ப்பு பார்த்து, பதினொரு மாதம் விற்ற புத்தகத்தில். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அச்சுக்குப் போகும் முன், காகிதத்தில் எடுத்த மெய்ப்பிலிருந்து ஒரு புதியவரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். திரையில் பார்க்கும் பிடிஎஃப் இதற்கு உதவாது. பிரதி எடுத்து ஒட்டவும் விடாதீர்கள்.

இதற்கிடையில் மறு அச்சு என்ற வேலையின் உள்விவரங்களையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "தீர்ந்துவிட்டது" என்பதற்கே நான் தவறாகப் பொருள் கொண்டிருந்தேன். பதிப்பாளர் கிடங்கில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கடைகளின் அலமாரியில் இருக்கும் பிரதிகளும் அவர் கணக்கில் "போனவை"தான். விற்காவிட்டால் அவை திரும்பி வரலாம். இதற்காகவே ராயல்டியில் ஒரு பகுதியைச் சில காலம் நிறுத்திவைப்பதும் பதிப்புத் துறையில் வழக்கம். எனவே தீர்ந்தது என்று கேட்டவுடன், கடைகளில் எத்தனை இருக்கலாம் என்று கேளுங்கள். எங்கள் கணக்கில் நூறு, நூற்றிருபது இருக்கலாம் என்று தெரிந்தது. மறு அச்சில் எத்தனை போடுவது என்ற முடிவே அதனால் மாறியது.

அடுத்து, மறு அச்சும் புதிய பதிப்பும் ஒன்றில்லை. சிறு பிழைகளைத் திருத்தி மறுபடி அச்சிட்டால் அது மறு அச்சு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் மாறாது. உள்ளடக்கத்தைக் கணிசமாக மாற்றினால், அத்தியாயம் சேர்த்தால், அது புதிய பதிப்பு. அதற்குப் புதிய ஐஎஸ்பிஎன் வேண்டும். மறு அச்சில் திருத்துவதற்கு எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது: பக்கம் நகரக் கூடாது. 143 ஆம் பக்கத்தில் நான்கு வரி கூடினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் தள்ளிப்போகும். பொருளடக்கம், பின்னால் இருக்கும் சொல்லடைவு, "பக்கம் 87 இல் பார்த்தோம்" என்பது போன்ற குறிப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. 352 என்பது சரியாக 22 ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரத்தைத் தொட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு திருத்தத்தையும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே அடக்க வேண்டியிருந்தது. உண்மையில் எனக்குப் பிடித்த வேலை அதுதான். முழுமையாக்கும் எண் பற்றிய பத்தியில், ஏன் 2 வருகிறது என்பதை விளக்க மூன்று வரி தேவைப்பட்டது. அதே பக்கத்தில் நான் எழுதியிருந்த ஒரு முன்னுரைப் பத்தியில் மூன்று வரி வெட்டினேன். வெட்டியபின் அந்தப் பத்தி முன்பைவிட நன்றாக இருந்தது. தாளின் இரு பக்கங்களிலும் உடைந்து கிடந்த நிரலுக்காக, முன்னால் இருந்த படம் ஒன்றைச் சிறிதாக்கி, நிரல் முழுவதையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவந்தோம். அடிக்கோடுகளுக்கு எழுத்துருவையே மாற்றலாமா என்று யோசித்தோம். மாற்றினால் எல்லா நிரலிலும் வரி அகலம் மாறி, எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் அந்த ஆசிரியை ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். அவர் மாணவர்கள் புத்தகத்தில் ஒட்டியிருந்த அடிக்கோட்டின் நடுவில் பென்சிலால் குட்டியாக ஒரு குறுக்குக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான், இரட்டை அடிக்கோடு வரும் இடங்களில் மட்டும் நடுவே மயிரிழை இடைவெளி விடலாம் என்று வடிவமைப்பாளர் முடிவு செய்தார். கூடவே "இங்கே இரண்டு அடிக்கோடுகள்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டோம்.

செலவைப் பற்றியும் பயந்துகொண்டிருந்தேன். திருத்தம் கேட்டால் பதிப்பாளர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் பட்டியலைக் கொடுத்தேன். ஆனால் அச்சகத்தில் முதல் அச்சின் பிளேட்டுகளை, அதாவது பக்கங்களை அச்சிடும் தகடுகளை, வைத்திருக்கவில்லை. எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகவே எடுக்க வேண்டும். கூடுதல் செலவு வடிவமைப்பாளரின் நேரம் மட்டும்தான். பதிப்பாளர் சொன்னது: "முன்னாடியே குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் மேடம்." சரியான பேச்சு. பிழைகள் வர வர எண், பக்கம், இருப்பது, இருக்க வேண்டியது, எந்த அச்சு என்று ஒரு அட்டவணையில் போட்டுக்கொண்டே வந்திருந்தால் பத்து நாள் அவசரமே வந்திருக்காது. நான் பாதியை மின்னஞ்சலிலும், பாதியை என் பிரதியின் ஓரங்களிலும் குறித்துவைத்திருந்தேன். அதைத் திரட்டுவதற்கே ஒன்றரை நாள் போயிற்று.

திருத்தி அடக்க முடியாத ஒரு பிரச்சினை இருந்தது. புத்தகம் 2023 பிப்ரவரியில் வந்தது. நிரல்களை பைதான் 3.11 இல் எழுதினேன். அதே வருடம் அக்டோபரில் 3.12 வந்தது. பதினோராம் அத்தியாயத்தில் பதிப்பு எண்களை ஒப்பிட 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தேன். 3.12 அதை நீக்கிவிட்டது. தினக்குறிப்பு நிரலில் உலகப் பொதுநேரத்தை எடுக்கும் பழைய முறைக்கும் 3.12 எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. நிரல் ஓடும், ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு வரி திரையில் வரும், புதியவர் பயந்துவிடுவார். முதலாவதைப் பற்றிய எச்சரிக்கை 3.10 முதலே வந்துகொண்டிருந்தது. எழுதும்போது அதைப் பார்த்தேன், "இன்னும் காலம் இருக்கிறது" என்று கடந்துவிட்டேன். புத்தகத்துக்கு எழுதும்போது அப்படிக் கடக்கக் கூடாது. மென்பொருளில் நாளை மாற்றிக்கொள்ளலாம், அச்சில் அது அடுத்த அச்சு வரை அப்படியே நிற்கும். எந்த எச்சரிக்கை வந்தாலும் பிழையாகவே எடுத்துக்கொண்டு நிறுத்தும்படி பைதானை அமைக்க முடியும். இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இதனால்தான் மறு அச்சில் எத்தனை என்ற கேள்விக்கு வழக்கமான பதில் எனக்குச் சரிப்படவில்லை. பிளேட் எடுத்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் தொடக்கச் செலவுதான் பெரிது. எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதிக்கான செலவு குறையும். பதிப்பாளர் இரண்டாயிரம் போடலாம் என்றார். நாவலாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். பைதான் ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் புதிய பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுதான் ஆதரவு. இரண்டாயிரம் பிரதி மூன்று வருடம் கிடங்கில் இருந்தால், கடைசி ஐந்நூறை வாங்குபவர் கையில் பழைய புத்தகம்தான் இருக்கும். கணக்கைக் காட்டிப் பேசி, 600 என்று முடிவு செய்தோம். அது முடிந்ததும் மூன்றாவது அச்சு வேண்டாம், இரண்டாம் பதிப்பு எழுதுகிறேன் என்றும் அன்றே சொல்லிவிட்டேன். தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக அச்சிடும் முறையும் இருக்கிறது. பிரதிக்குச் செலவு கூடும், ஆனால் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடிக்கடி மாறும் நிரல் தொகுப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் அதைத் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. மின்னூல் கிடைத்துக்கொண்டிருந்தாலோ, தேவைக்கேற்ப அச்சிட முடிந்தாலோ அது "அச்சில் இருக்கிறது" என்றே கொள்ளப்படலாம். ஆகவே வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் என்று ஓர் எண்ணை எழுதிவாங்குங்கள். மறு அச்சுக்கு முன் திருத்தம் தர எத்தனை நாள் அவகாசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் கேட்காமல் விட்டது இது.

நிரல்களைக் கையால் ஒட்டும் பழக்கத்தையும் அந்த வாரத்தோடு விட்டேன். இப்போது என் கையெழுத்துப் பிரதியில் நிரலே கிடையாது. "இந்தக் கோப்பின் இந்த வரிகள் இங்கே" என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஒரு சிறு நிரல் அந்தக் கோப்புகளை ஓட்டி, வெளியீட்டையும் பிடித்து, பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். 66 எழுத்துக்கு மேல் ஒரு வரி போனால் கத்தும். நிரலுக்குள் வளைந்த மேற்கோள்குறி இருந்தாலும் கத்தும். இதை எழுத எனக்கு ஒரு நாள் ஆனது. வாசகர்களுக்கான நிரல் களஞ்சியத்தில் "அச்சு 1", "அச்சு 2" என்று தனித்தனி அடையாளம் போட்டுவைத்தேன், கையில் எந்த அச்சு இருக்கிறதோ அதற்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இருந்த வெளி இணைய முகவரிகளில் நான்கு அதற்குள் செத்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக என் சொந்த முகவரி ஒன்றை அச்சிட்டு, அங்கிருந்து திருப்பிவிட்டேன். இலக்கு மாறினால் நானே மாற்றிக்கொள்ளலாம்.

தன் கையில் இருப்பது எந்த அச்சு என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் பத்திலிருந்து ஒன்று வரை இறங்கும் ஓர் எண்வரிசையைப் பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. பிளேட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட ஓர் எண்ணை அழிப்பது எளிது என்பதால் வந்த வழக்கம். எங்கள் முதல் அச்சில் அதைப் போடவில்லை. இரண்டாவதில் இரண்டில் முடியும்படி போட்டோம்.

முதல் ஆயிரம் பேரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை முதலில் நம்பியவர்கள் அவர்கள்தான். எல்லாத் திருத்தங்களையும் ஒரே தாளில், முன்னும் பின்னுமாக, மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும் அளவில் வடிவமைத்து இலவசமாகக் கொடுத்தோம். ஓடாத நிரல்கள் முதலில், எழுத்துப்பிழைகள் கடைசியில். பிழை கண்டுபிடித்தவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, நன்றிப் பக்கத்தில் சேர்த்தேன். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் புத்தகங்களில் புதிய பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். பதினாறின் அடிமானத்தில் 100 என்று எழுதினால் அது 256; அந்தக் கணக்கில் 256 சென்ட் ஒரு டாலர். 1977 இல் தன் நூலின் புதிய பதிப்புக்கான மெய்ப்பைப் பார்த்து, அச்சுக்கோப்பின் தரம் பொறுக்காமல் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே உருவாக்கியவர் அவர். அச்சில் ஒரு குறி பிசகினால் இவ்வளவு தூரம் வருந்திய ஒருவர் இருந்திருக்கிறார் என்பது அந்தப் பத்து நாளில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

கடைசி நாள், எல்லாம் அனுப்பத் தயாரான பின், முன்னுரையில் ஒரு வரிக்கு இடம் கிடைத்தது. மூன்று முறை பைதானை நீக்கி நிறுவிய அந்த வாசகரை நினைத்துக்கொண்டு இதை எழுதினேன்: "உங்கள் திரையில் வருவதும் இந்தப் புத்தகத்தில் இருப்பதும் வேறுபட்டால், இருமுறை சரிபாருங்கள். அப்போதும் வேறுபட்டால் புத்தகத்தைச் சந்தேகியுங்கள், எனக்கு எழுதுங்கள்."

இரண்டாவது அச்சு வந்து ஐந்து வாரம் கழித்து ஒரு பள்ளி மாணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வணக்கம்கூட இல்லை. "பக்கம் 209, கீழிருந்து மூன்றாவது வரி தவறு. நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்."

ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 'அச்சு 2' என்று தலைப்பிட்ட அட்டவணையைத் திறந்து முதல் வரியில் அதைச் சேர்த்தேன்.